பாத்து அண்ணனும் தேன்பாறையும்

அவருடைய பெயர் எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் லைனில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெரியவர்களும் சின்னவர்களும் பாத்து அண்ணன் என்றுதான் சொல்வோம். குழாயடியில் யாராவது குடத்தைத் தூக்கினால் "பாத்து" என்பார். சைக்கிளில் ஏறுகிறவரைப் பார்த்து "பாத்துப்பா" என்பார். சுடுசோறு தின்கிறவருக்கும் அதேதான். மற்றவர்கள் அந்த வார்த்தையை மரியாதைக்காகச் சொல்வார்கள், சொல்லிவிட்டு மறந்துபோவார்கள். அவர் சொன்னால் சொன்ன இடத்திலேயே நின்று, நாம் பார்க்கிறோமா என்று பார்ப்பார்.

கோலார் தங்கவயலில் நந்திதுர்க் சுரங்கத்தை ஒட்டி, தொழிலாளிகளுக்காக வரிசையாகக் கட்டிய வீடுகளைத்தான் லைன் என்போம். அறுபதுகளின் தொடக்கத்தில் ஆம்பூர் பக்கத்திலிருந்து கல்யாணமாகி அங்கே போனேன். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் ஒரே சுவர். அவர் சுரங்கத்துக்குள் டிம்பர்மேன். தோண்டிய இடத்தில் கூரைப் பாறை விழாமல் மரத்தை முட்டுக் கொடுத்து நிறுத்துகிற வேலை. நாற்பது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, நீளமான கை. எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் அண்ணாந்து பார்ப்பார், அப்புறம் விரல் முட்டியால் நாலு இடத்தில் தட்டுவார், காதைச் சாய்த்துக் கேட்பார். எங்கள் வீட்டுக்கு முதல் தடவை காப்பி குடிக்க வந்தபோது அப்படித்தான் உத்தரத்தைத் தட்டிப் பார்த்தார்.

"இன்னாணா, தாங்குமா?" என்று என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"இன்னிக்குத் தாங்கும்" என்றார் அவர்.

அன்று ராத்திரி நான் தூங்கவில்லை.

நான் ஏற்கெனவே பயந்த ஜென்மம். லைனுக்குப் போன மூன்றாம் நாளே ஒரு மத்தியானம் தரை ஒருமுறை தூக்கிப் போட்டது. அலமாரியில் இருந்த பித்தளைத் தட்டுகள் ஒன்றோடொன்று மோதின. சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. நான் வெளியே ஓடி வந்தால் லைனில் யாரும் அசையவில்லை. ஒரு அம்மாள் அரிசி புடைத்துக்கொண்டே, "புதுசா? பூமிக்குள்ள பாறை வெடிச்சா இப்படித்தான் ஆடும். ஒண்ணும் பயமில்ல, போ" என்றாள். பாத்து அண்ணன் மட்டும் தன் வீட்டு வெளிச்சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடி நின்றிருந்தார். "இன்னும் ஒண்ணு வரலாம்" என்றார். வரவில்லை. ஆனால் நான் சாயங்காலம் வரைக்கும் வாசலிலேயே நின்றேன்.

கடைசி வீட்டுப் பெண்ணின் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டார்கள். தாலி கட்டுவதற்கு முன் இவர் போய் ஒவ்வொரு காலாகப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஐந்தாவது கால் பிடுங்கிக்கொண்டு வந்தது. பந்தலின் ஒரு மூலை அப்படியே மாப்பிள்ளை வீட்டாரின் தலையில் இறங்கியது. அடியெல்லாம் இல்லை, தென்னங்கீற்றுதான். சாயந்தரம் வரைக்கும் சண்டை. "நீ ஆட்டலேன்னா அது பாட்டுக்கு நின்னிருக்கும்" என்று பெண்ணின் அப்பா கத்தினார். இவர் அமைதியாக, "நின்னிருக்கலாம்" என்றார். அந்த 'லாம்' அவரை விட்டுப் போகவே போகாது. நிற்கும், விழாது, வரும், சரியாகிவிடும் என்று அவர் வாயிலிருந்து ஒன்றையும் உறுதியாக வாங்க முடியாது.

எனக்கு அவர்மேல் வெறுப்பு வந்த நாளையும் சொல்ல வேண்டும்.

எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருஷம். பகல் ஷிஃப்டில் பெரிய வெடிப்பு ஒன்று. இந்தத் தடவை அரிசி புடைத்த அம்மாளும் முறத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். லைனில் இருந்த பெண்கள் எல்லாரும் சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்டின் கேட்டுக்கு ஓடினோம். கம்பி வேலிக்கு வெளியே நின்றுகொண்டு, ஆட்களைத் தூக்கிவரும் கேஜ் மேலே வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். கேஜில் ஆட்கள் வரும்போதெல்லாம் பெண்கள் வேலியில் முகத்தை அழுத்திப் பெயர் சொல்லிக் கேட்பார்கள். வருகிறவர்கள், "ஒண்ணுமில்லம்மா, பின்னால வராங்க" என்று சொல்லிக்கொண்டே போனார்கள்.

மூன்றாவது கேஜில் பாத்து அண்ணன் வந்தார். உடம்பெல்லாம் சாம்பல் நிறத் தூசு. நான் வேலியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன், "அண்ணா, அவருக்கு ஒண்ணும் இல்லியே?"

அவர் என் முன்னால் வந்து நின்றார். "தெரியலம்மா. அவன் இருந்த லெவல் வேற. நான் பாக்கல" என்றார்.

"ஒண்ணும் ஆயிருக்காதுல்ல?"

"எனக்குத் தெரியாதும்மா."

இரண்டு மணி நேரம் அங்கே நின்றேன். என் பக்கத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள், வேறு லைன்காரி. அவளிடம் நாலைந்து பேர் "ஒண்ணுமில்ல, வந்துடுவாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் எனக்கே தைரியம் சொன்னாள். என் வீட்டுக்காரர் பிறகு நடந்து வந்தார், முழங்கையில் சிராய்ப்போடு. அவளுடைய புருஷனை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள், முகத்தை மூடி.

அப்போதும் எனக்குப் புரியவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன, அந்த ஆளுக்கு வாய் நோகுமா என்றுதான் நினைத்தேன். ரொம்ப நாள் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்த மாதிரியும் தெரியவில்லை. நான் குடம் தூக்கும்போது "பாத்தும்மா" என்பது மட்டும் நிற்கவில்லை.

இத்தனை பயப்படுகிற மனுஷனுக்கு மலை என்றால் உயிர். பூதிகோட்டையைத் தாண்டி ஒரு மலை உண்டு. ஆடு மேய்க்கிறவர்கள் போகிற ஒற்றையடிப் பாதை, மேலே ஒரு சுனை. அவ்வளவுதான், கோயில்கூடக் கிடையாது. பங்குனி பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை லைனிலிருந்து சில வீடுகள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு அங்கே போகும். வாரம் ஆறு நாள் பூமிக்குள் இருக்கிறவர்களுக்கு ஏழாவது நாள் உயரமான இடமாக ஒன்று வேண்டியிருந்ததோ என்னவோ. அதை ஆரம்பித்து வைத்ததே அவர்தானாம்.

எல்லாரும் போவதற்கு ஒரு வாரம் முன்னால் அவர் தனியாகப் போய்ப் பாதையைப் பார்த்துவிட்டு வருவார். மறுநாள் காலையில் குழாயடியில் நின்று சொல்வார். பாதி பேர் சிரிக்கத்தான் கேட்பார்கள். அந்த வருஷம் அவர் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"அடிவாரத்துல பலாச மரமெல்லாம் பூத்திருக்குது. இலையே இல்ல, வெறும் பூ. பாக்க நல்லா இருக்குது. புல்லு காஞ்சு தரையோட படுத்துக்கிச்சு, மேல கால வெச்சா சறுக்கும். மழைக்குச் சறுக்கறதவிட மோசம். ரெண்டாவது வளைவுல கல்லு ஆடுது. சுனையில தண்ணி முழங்கால் மட்டுந்தான், அதுலயும் பாசி, குடிக்கறதுக்குத் தண்ணி எடுத்துட்டு வாங்க. தேன்பாறையில ஏழு கூடு கட்டியிருக்குது. போன வருஷம் நாலுதான். தீப்பெட்டி, பீடி ரெண்டும் வேணாம், ஒரு பொறி பட்டா மலையே புடிச்சுக்கும். பொம்பளைங்க பூ வெச்சுக்காதீங்க. வாசனை எண்ணெயும் வேணாம்."

"அப்ப வரவே வேணாம்னு சொல்லிடுங்களேன்" என்றாள் ஒருத்தி.

"வரலாம்" என்றார். "பாத்து வரலாம்."

அந்தத் தடவை கிளம்பியது ஐந்தே பேர். அவர், நாங்கள் அண்ணி என்று கூப்பிடுகிற அவர் மனைவி, நான், என் வீட்டுக்காரர், எதிர்வீட்டில் தனியாக இருந்த ஃபிட்டர். ஃபிட்டருக்கு முப்பது வயது, பீடி இல்லாமல் அரைமணி நேரம் தாங்காது. நான் வரமாட்டேன் என்றுதான் சொன்னேன். "நாலு வருஷமா அந்தச் சுவத்தையே பாத்துட்டு உக்காந்திருக்க, வா" என்று என் வீட்டுக்காரர் இழுத்துக்கொண்டு போனார்.

முதல் பஸ்ஸில் பூதிகோட்டை போய் இறங்கி, வயல் வரப்பில் நடந்து அடிவாரத்துக்குப் போனபோது வெயில் ஏறவில்லை. அவர் சொன்ன மாதிரியே பலாச மரங்கள் இலை இல்லாமல் சிவந்து நின்றன. புங்க மரங்கள் புதுத் தளிர் விட்டிருந்தன. எங்கேயோ வேப்பம்பூ வாசனை. லைனில் எப்போதும் மைன்ஸ் இயந்திரங்களின் இரைச்சல் காதில் இருந்துகொண்டே இருக்கும், நிற்கும்போதுதான் அது இருந்ததே தெரியும். அங்கே அது இல்லை. அந்த அமைதி முதலில் நன்றாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதற்கும் பயப்பட ஆரம்பித்துவிட்டேன்.

அவர் தோளில் ஒரு கறுப்புக் கம்பளி மடித்துப் போட்டிருந்தார். அந்த வெயிலில் கம்பளி எதற்கு என்று ஃபிட்டர் கேலி செய்தார். பாத்து அண்ணன் கையில் இருந்த கம்பால் பாதையில் கிடந்த கற்களைத் தட்டித் தட்டிப் பார்த்து, ஆடுகிற கல்லைத் தள்ளிவிட்டுத்தான் எங்களை விட்டார்.

பாதி மலையில் தேன்பாறை வந்தது. அங்கே பாதை என்று ஒன்று இல்லை. நாற்பது அடி வைத்துக் கடக்கிற தூரத்துக்குச் சரிந்த பாறை. வலது பக்கம் மலை செங்குத்தாக ஏறி, மேலே கூரை போல நீட்டிக்கொண்டிருந்தது. இடது பக்கம் பாறை சரிந்துபோய் சட்டென்று முடிந்துவிடும். அதற்குக் கீழே மூன்று பனைமரம் உயரத்துக்கு வெறும் காற்று, அப்புறம் முள்ளும் பாறையும். மேலே நீட்டிக்கொண்டிருந்த கல்லின் அடியில் அந்த ஏழு கூடுகளும் தொங்கின. ஒவ்வொன்றும் முறம் அளவு, அரை நிலா வடிவம், கறுப்பு. எங்கள் லைனில் அந்த மலைத்தேனீக்குக் கன்னடத்துப் பேர்தான், ஹெஜ்ஜேனு. அசையாமல் தொங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தபோதே ஒரு கூட்டின் மேல் அலை மாதிரி ஒன்று ஓடி நின்றது.

"ஒவ்வொருத்தரா போகணும். கையப் புடிச்சுக்கக் கூடாது, ஒருத்தர் சறுக்கினா ரெண்டு பேரும் போயிடுவீங்க. செருப்பக் கழட்டிக்கோங்க. பேசாதீங்க" என்றார்.

போகும்போது எப்படியோ உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்து கடந்துவிட்டேன். மேலே சுனையருகில் சாப்பிட்டோம். எனக்குத் திரும்பவும் அந்தப் பாறையைக் கடக்க வேண்டும் என்பது மட்டும்தான் மண்டைக்குள் இருந்தது. வேறு வழி இருக்கிறதா என்று அவரிடம் கேட்டேன். அன்றுதான் ரொம்ப நாளைக்குப் பிறகு அவரோடு நானாகப் பேசினேன்.

"இல்லம்மா."

"இப்பவும் வந்த மாதிரியே போயிடலாம்ல?"

"போகலாம். வெயில் ஏறிடுச்சு, பாறை சுடும். பாத்துதான் போகணும்."

ஒரு வார்த்தை சொன்னால் என்னவாம் என்று மறுபடியும் நினைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது ஃபிட்டர் முதலில் கடந்தார், பிறகு என் வீட்டுக்காரர், அப்புறம் அண்ணி. நான் நாலாவது. எனக்குப் பின்னால் அவர். பாறை உள்ளங்காலைச் சுட்டது. இருபது அடி போயிருப்பேன். காலுக்கடியில் ஒரு சின்னக் கல் உருண்டது. அது சறுக்கிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது, பிறகு விளிம்பைத் தாண்டியது. கீழே விழுந்த சத்தம் கேட்கவில்லை. அதைக் கேட்கக் காத்துக்கொண்டு நின்றேன். அதன் பிறகு என்னால் காலை எடுக்க முடியவில்லை. முன்னாலும் முடியவில்லை, பின்னாலும் முடியவில்லை. அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் கையைக் காட்டி வா வா என்று கூப்பிடுவது தெரிந்தது.

அப்போது பாறைமேல் ஒரு நிழல் ஓடியது. பெரிய பறவையின் நிழல். ஒரு தடவை போய், திரும்பி வந்தது. நான் அண்ணாந்து பார்க்கவில்லை. பின்னால் அவர் பார்த்திருப்பார்.

பிறகு, வீட்டில் பேசுகிற குரலில், "ஒண்ணும் பயமில்லம்மா" என்றார்.

அந்தச் சூட்டிலும் என் உடம்பு சில்லிட்டுப்போனது. வாழ்க்கையில் அதைவிடப் பயங்கரமான வார்த்தையை நான் அதற்கு முன்னாலும் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை. அவர் வாயில் வராத வார்த்தை. என் புருஷன் உயிரோடு இருக்கிறாரா என்று வேலியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியபோது சொல்லாத வார்த்தை. அதை இப்போது சொல்கிறார் என்றால் ஏதோ பெரிதாக வருகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எது என்றுதான் தெரியவில்லை.

"அப்படியே மெதுவா உக்காரு. பாறைப் பக்கம் திரும்பிக்கோ. முழங்கால்ல மூஞ்ச வெச்சுக்கோ. ஒண்ணுமில்ல."

உட்கார்ந்தேன். அவர் பின்னாலிருந்து வேகமாக நகர்ந்து வருவது கேட்டது. ஆள் ஒருவர் சறுக்குப் பாறையில் அத்தனை வேகமாக வரக்கூடாது என்று அவரே எங்களுக்குச் சொல்லியிருந்தார். கம்பளி என் தலைமேல் விழுந்தது. கூடவே மேலே ஏதோ கிழிகிற மாதிரி ஒரு சத்தம், பக்கத்தில் பாறைமேல் சொத்தென்று ஒன்று விழுந்தது. அந்த நிழல் கூட்டுக்குள் பாய்ந்து அடையைப் பிய்த்துக்கொண்டு போகிற தேன்பருந்துடையது, விழுந்தது அடைத் துண்டு என்று பிறகு சொன்னார்கள். பருந்தை ஒன்றும் செய்ய முடியாத ஆத்திரத்தில் ஹெஜ்ஜேனு கீழே இருக்கிறவர்கள்மேல் இறங்கும்.

முதலில் தேன் வாசனைதான் வந்தது. பிறகு அந்தச் சத்தம். மைன்ஸில் காற்றடிக்கிற இயந்திரம் இருக்கும் கொட்டகைக்குள் நுழைந்தால் பல்லெல்லாம் அதிரும், அப்படி. கம்பளி ஒரு ஆளுக்குத்தான் போதும். அவர் அதை என்மேல் மூடி, ஓரங்களைத் தன் கையாலும் முழங்காலாலும் பாறையோடு அழுத்திக்கொண்டு என்மேல் கவிழ்ந்திருந்தார். துண்டைத் தலையில் சுற்றியிருந்தார். மற்றதெல்லாம் வெளியே.

"அண்ணா, உங்களக் கடிக்குதா?"

"இல்லம்மா. ரெண்டு மூணு சும்மா வந்து உக்காருது."

அப்போதே அவர் உடம்பு வெட்டி இழுத்தது. கம்பளி வழியாக எனக்குத் தெரிந்தது. மறுபடியும். மறுபடியும். உடம்பு இழுத்தாலும் குரல் மட்டும் அப்படியே இருந்தது.

"உள்ள வாங்கண்ணா."

"வேணாம். இங்க காத்து நல்லா அடிக்குது. அதுங்கள அடிச்சுக்கிட்டுப் போயிடும். நீ அசையாத. இப்பப் போயிடும். பாதி கூட்டுக்கே திரும்பிடுச்சு."

சத்தம் இன்னும் பெரிதாகத்தான் ஆகிக்கொண்டிருந்தது.

"பாறை நல்லா கெட்டியா இருக்குதும்மா. சறுக்காது. இன்னும் இருபது அடிதான், அதுக்கப்புறம் வழி நல்லா இருக்குது. நிழலா இருக்குது. கீழ போய் தண்ணி குடிக்கலாம். ஒண்ணும் பயமில்ல. நான் பாத்துட்டுதான் சொல்றன்."

எல்லாம் பொய். ஒவ்வொரு வார்த்தையும் பொய் என்று எனக்குத் தெரிந்தது. நான் ஒன்றைக்கூட நம்பவில்லை. என் காலில் கம்பளி விலகிய இடத்தில் நெருப்புக் கங்கு வைத்த மாதிரி சுட்டது, அடுத்தது, அதற்கடுத்தது. கத்திக்கொண்டு எழுந்து ஓட வேண்டும் போலிருந்தது. ஓடியிருந்தால் மூன்றாவது அடியில் கீழே போயிருப்பேன். அவர் எடை என்மேல் இருந்ததால் எழ முடியவில்லை. அவ்வளவுதான், என் தைரியம் என்று எதுவும் இல்லை.

எத்தனை நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அவர் பேச்சு குழறியது. நாக்கு தடித்துவிட்ட மாதிரி. 'பயமில்ல' என்பது 'பல்ல' என்று வந்தது. பிறகு 'இல்ல, இல்ல' என்பது மட்டும். பிறகு அதுவும் நின்றது. அவர் பாரம் முழுவதும் என்மேல் சாய்ந்தது. அவர் செத்துவிட்டார் என்று நினைத்தேன். செத்தவரின் அடியில், தேன் வாசனையில், ஒரு விரல்கூட அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் புகை வாசனை வந்தது. மலை பற்றிக்கொண்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஃபிட்டர் தீப்பெட்டியை இடுப்பு மடிப்பில் ஒளித்துக் கொண்டுவந்திருந்தார். எங்களை ஏமாற்றிவிட்டு ஒரு பீடி பிடிக்கலாம் என்று. அவரும் என் வீட்டுக்காரரும் காய்ந்த புல்லைக் கொளுத்தி, அதன்மேல் பச்சைப் புங்கந்தழையைப் போட்டுக் கட்டாகக் கட்டி, புகையோடு தவழ்ந்து வந்திருக்கிறார்கள். தலையில் துண்டும், கட்டுச்சோறு கட்டி வந்த அண்ணியின் பழைய புடவையைக் கிழித்த துணியும் சுற்றியிருந்தார்கள். புகையில் அந்தச் சத்தம் மெல்லத் தள்ளிப்போனது. என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து இழுத்தார். நான் தவழ்ந்தேன். பாத்து அண்ணனைக் கம்பளியோடு சேர்த்து இழுத்துக்கொண்டு வந்தார்கள். அந்தப் பக்கம் பற்ற ஆரம்பித்த புல்லை அண்ணி ஒரே ஆளாகத் தழையால் அடித்து அணைத்துக்கொண்டிருந்தார். அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தவருக்குக் கீழே கிடந்தது தன் புருஷன்தானா என்று தெரியவில்லை. எங்களுக்குமே தெரியவில்லை. கண் இருந்த இடம், மூக்கு இருந்த இடம் எதுவும் இல்லை.

அண்ணி அழவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நகத்தால் கொடுக்குகளைச் சுரண்டி எடுக்க ஆரம்பித்தார். ஒவ்வொன்றாக. ஆடு மேய்க்கிறவர் ஒருவர் ஓடிப்போய்க் கீழேயிருந்து ஆள் கூட்டி வந்தார். கட்டிலில் படுக்கவைத்துத் தூக்கி, வண்டியில் போட்டு, பூதிகோட்டை வந்து சேர்ந்தோம். பஸ் டிரைவர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வழியில் எங்கும் நிறுத்தாமல் ஆஸ்பத்திரி வாசலிலேயே கொண்டுவந்து இறக்கினார். வழி முழுக்க அண்ணி சுரண்டிக்கொண்டேதான் வந்தார்.

அவர் பிழைத்துவிட்டார். முதல் இரண்டு நாள் நினைவில்லை. மூத்திரம் போகவில்லை, அதுதான் ஆபத்து என்றார் டாக்டர். மூன்றாம் நாள் கொஞ்சம் போனது. கறுப்பாகப் போனதாம். இனிமேல் பிழைத்துக்கொள்வார் என்றார்கள். எனக்குக் காலில் ஒன்பது கொட்டு. வீங்கிய காலோடு எட்டாம் நாள்தான் என்னால் ஆஸ்பத்திரிக்கு நடந்துபோக முடிந்தது.

வராந்தாவில் அண்ணி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த எட்டு நாளில் நான் ஒரு கதை கட்டி வைத்திருந்தேன். எப்போதோ சுரங்கத்துக்குள் அவர் யாரிடமோ பயமில்லை என்று சொல்லி, அந்த ஆள் போய்ச் செத்திருக்க வேண்டும், அதிலிருந்துதான் இப்படி ஆகியிருக்க வேண்டும் என்று. அதைக் கேட்டேன்.

அண்ணி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல. பொறந்ததுலேருந்தே அப்படித்தான். அவங்க அம்மாவும் அப்படித்தான்" என்றார். பிறகு, "அங்க இன்னா சொன்னாரு உங்கிட்ட?" என்று கேட்டார்.

"ஒண்ணும் பயமில்லன்னு சொன்னாரு அண்ணி."

"அவரா?"

"ஆமா."

"எத்தினி தடவ?"

"எண்ணல. சொல்லிக்கிட்டே இருந்தாரு."

அண்ணி முந்தானை நுனியைச் சுருட்டிப் பிரித்தார். "எனக்கு மொதப் பிரசவத்துல ரெண்டு நாளு வலி. செத்துடுவேன்னு நெனச்சன். ஒண்ணும் ஆவாதுன்னு ஒரு வார்த்த சொல்லுங்கன்னு கையப் புடிச்சுக்கினு கேட்டன். தெரியலியேன்னாரு. கொழந்த தங்கல. நான் தங்கிட்டன்." அண்ணி கோபப்படுகிறாரா, அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. "போ, உள்ள போயி பாரு. முழிச்சுக்கினுதான் இருக்காரு. தூங்கவே மாட்டேங்குறாரு, கண்ண மூடினா முழிச்சுக்கறாரு" என்றார்.

முகம் கொஞ்சம் வடிந்திருந்தது. கை இரண்டும் இன்னும் பொதியாக இருந்தன. ஒரு கண் மட்டும் கீற்றாகத் திறந்திருந்தது. நான் கட்டிலருகில் நின்றேன். கால் வலி குறைந்துவிட்டது என்று சொன்னேன். அவர் அதைக் கேட்கவில்லை போலிருந்தது.

"அன்னிக்கு நான் சொன்னதெல்லாம்" என்றார். நாக்கு இன்னும் சரியாகத் திரும்பவில்லை. நிறுத்தி நிறுத்திப் பேசினார். "நீ நம்பினியாம்மா?"

வாசல்படியில் அண்ணி வந்து நிற்பது தெரிந்தது.

"நம்பினேன்ணா" என்றேன். "நம்பினதாலதான் அசையாம இருந்தேன்."

அந்த ஒரு கீற்றுக் கண்ணால் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். மரத்தைத் தட்டிவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்பாரே, அப்படி. நான் முகத்தைத் திருப்பவில்லை.

"அப்ப சரி" என்றார்.

அண்ணி உள்ளே வந்து அவர் கால்மாட்டில் உட்கார்ந்தார். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அன்றைக்கு மத்தியானத்திலிருந்து மறுநாள் காலை ஆஸ்பத்திரி மணி அடிக்கும் வரைக்கும் ஒரே தூக்கமாகத் தூங்கினார் என்று பிறகு அண்ணிதான் சொன்னார்.